ஸ்லோ குக்கர் சில்லி: வேகாத பீன்ஸ், சக்கையான கறி, நீர்த்த குழம்பு

இந்த முறை கேள்வி-பதில் பகுதி முழுவதும் ஒரே சமையல்தான்: ஸ்லோ குக்கரில், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பானையில், செய்யும் மாட்டிறைச்சி-பீன்ஸ் சில்லி. கறியும் ராஜ்மாவும் மிளகாயும் சேர்ந்த கெட்டிக் குழம்பு அது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. ஸ்லோ குக்கரால் ஆகாத வேலைகள் மூன்று: தளதளவெனக் கொதிக்க வைப்பது, வறுத்துச் சிவக்க வைப்பது, நீரை வற்ற வைப்பது. இந்த மூன்றையும் வெளியே முடித்துக் கொடுத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அப்படியே கறியோடு குக்கரில் போட்டு ‘லோ’வில் 8 மணி நேரம் வைக்கலாமா? கூடாது, விஷம் என்கிறாள் தோழி. மிகைப்படுத்துகிறாளோ?

தோழி சொல்வது சரி. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின், அதாவது ஒரு நச்சுப் புரதம், இருக்கிறது. வேகாத பயறு நாலைந்து வயிற்றுக்குள் போனாலே போதும், 1 முதல் 3 மணி நேரத்தில் கடுமையான குமட்டலும் வாந்தியும், அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரும். சிவப்பு ராஜ்மாவில்தான் இது மிக அதிகம். வெள்ளை ராஜ்மாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இந்த நஞ்சு 100 டிகிரி கொதியில் அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கரின் உள்ளே 75, 80 டிகிரியோடு சூடு நின்றுவிட்டால் நஞ்சு போகாது. பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை வீரியம் கூடவும் செய்யலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ எச்சரிக்கிறது. பயறு பார்ப்பதற்கு மெத்தென்று வெந்தது போலவே இருக்கும், அதுதான் வம்பு.

ஆகவே, குறைந்தது 5 மணி நேரம் ஊறவையுங்கள். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, குமிழி பொங்கிப் புரளும் கொதியில் குறைந்தது 10 நிமிடம் வையுங்கள். நேரத்தைக் கொதி வந்த பிறகே எண்ண வேண்டும். பாதுகாப்புக்கு 30 நிமிடம் என்றே எஃப்டிஏ சொல்கிறது. எப்படியும் பயறு முக்கால் பதம் வேக அதற்கும் மேலே ஆகும் என்பதால் இந்த 30 நிமிடத்தில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. டின்னில் வரும் பீன்ஸ் முழுதாக வெந்தது. அதற்கு இந்தக் கவலையே வேண்டாம்.

ஒரு வேடிக்கை. இந்தச் சாதனத்தின் மூதாதையே பீன்ஸ் வேகவைக்க வந்ததுதான். அமெரிக்கரான இர்விங் நாக்ஸன் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விற்ற பெயர் நாக்ஸன் பீனரி. பிறகு அதை ரைவல் நிறுவனம் வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட சாதனத்துக்கே இந்தச் சிவப்புப் பயறு ஒத்துவரவில்லை.

கேள்வி: 10 நிமிடம் கொதிக்க வைத்த பிறகுதான் போட்டேன். தக்காளியோடு 9 மணி நேரம் வெந்தும் பீன்ஸ் கடுக்கென்று இருந்தது. குக்கர் பழுதா?

குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, தடுத்தது தக்காளி. பயறின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது குழையும். புளிப்பு அப்படிக் கரைவதைத் தடுக்கும். கால்சியமும் அப்படியே: அது நிறைந்த கடின நீரில் பயறு வேக அடம்பிடிக்கும். துண்டுத் தக்காளி டின்கள் பலவற்றில் துண்டுகள் உடையாமலிருக்க கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள், அப்போது இரட்டைத் தடை.

10 நிமிடக் கொதி நஞ்சை எடுக்கத்தான், வேகவைக்க அல்ல. கொதித்த பிறகு தணலைக் குறைத்து மேலும் 35 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், நடுவில் மட்டும் லேசான மாவுத்தன்மை இருக்கலாம். அந்த முக்கால் பதத்தில் குக்கருக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு அதே புளிப்பு உங்களுக்கு உதவியாக மாறும்: 8 மணி நேரம் கிடந்தாலும் பயறு கரையாமல் முழுசாக நிற்கும்.

ஊறவைக்கும்போது லிட்டருக்கு 1 டேபிள்ஸ்பூன் உப்புப் போடுங்கள். உப்பிலுள்ள சோடியம் தோலின் கால்சியத்தை இடம்பெயர்த்து, தோலை மிருதுவாக்கும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு, நம்ப வேண்டாம். கடின நீர் என்றால் வேகும் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், தோலும் உரிந்துவிடும். வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பயறு என்றால் எது செய்தும் பயனில்லை, புதிதாக வாங்குங்கள்.

அவசரம் என்றால், ஊறிய பயறைப் பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்தபின் 10 நிமிடம் வையுங்கள். முழுதாக வெந்துவிடும். அதைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும்.

கேள்வி: அளவுகளோடு முழுச் செய்முறை தர முடியுமா?

4½ முதல் 5 லிட்டர் குக்கருக்கு, 6 முதல் 8 பேர் சாப்பிட:

மாட்டிறைச்சி, தோள்பட்டைப் பகுதி – 1 கிலோ, 3 செ.மீ. துண்டுகள்
உலர்ந்த சிவப்பு ராஜ்மா – 250 கிராம் (வெந்தபின் சுமார் 600 கிராம், டின் என்றால் 400 கிராம் டின் இரண்டரை)
வெங்காயம் – 300 கிராம், பொடியாக நறுக்கியது
பூண்டு – 6 பல்
காய்ந்த மெக்சிகோ மிளகாய் வகைகள்: ஆஞ்சோ 4, குவாஹியோ 3, சிபோட்லே 1
டின் தக்காளி – 400 கிராம்
தக்காளி பேஸ்ட் – 2 டேபிள்ஸ்பூன்
சீரகத்தூள் – 1 டேபிள்ஸ்பூன்
உலர்ந்த ஓரிகனோ – 2 டீஸ்பூன்
உப்பில்லாத மாட்டிறைச்சி ஸ்டாக் (கறி, எலும்பு வேகவைத்த சாறு) – 250 மி.லி.
உப்பு – முதலில் 2 டீஸ்பூன்
எண்ணெய் – 3 டேபிள்ஸ்பூன்
மாசா ஹரினா, அதாவது சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தின் மாவு – 2 டேபிள்ஸ்பூன்
எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் – 1 டேபிள்ஸ்பூன்

மிளகாயின் காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு, சூடான வெறும் வாணலியில் பக்கத்துக்கு 20, 30 விநாடி மட்டும் வாட்டுங்கள். மணம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் கசக்கும், அந்தக் கசப்பைப் பிறகு எதைப் போட்டும் எடுக்க முடியாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, 200 மி.லி. தண்ணீர் விட்டு விழுதாக அரையுங்கள். தோல் திப்பி திப்பியாக இருந்தால் வடிகட்டுங்கள்.

கறியை ஈரம் போகத் துடைத்து, கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டுச் சிவக்க விடுங்கள். எடுத்து குக்கரில் போட்டு, அதே வாணலியில் வெங்காயத்தை 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். பூண்டு, தக்காளி பேஸ்ட், சீரகம், ஓரிகனோ சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டுங்கள். ஸ்டாக்கை ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். சில்லியின் ருசியில் பெரும்பங்கு அந்த ஒட்டலில்தான் இருக்கிறது. மிளகாய் விழுது, தக்காளி, உப்பு சேர்த்து ஒரு கொதி வந்ததும் கறியின் மேல் ஊற்றி, முக்கால் பதத்தில் வெந்த பயறைக் கலந்து மூடுங்கள்.

‘லோ’ என்றால் 8 மணி நேரம், ‘ஹை’ என்றால் 4½ முதல் 5. முடிய அரை மணி இருக்கும்போது மாசா மாவைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள். அணைத்தபின் எலுமிச்சை. உப்பை அப்போதுதான் இறுதியாகச் சரிபார்க்க வேண்டும்.

டின் பீன்ஸ் என்றால் வடித்து அலசி, கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். முதலிலேயே போட்டால் தோல் பிரிந்து கூழாகும்.

கேள்வி: கொழுப்பே இல்லாத நல்ல பின்தொடைக் கறியாகப் பார்த்து வாங்கினேன். 8 மணி நேரம் கழித்து நார் நாராக, சக்கையாக இருந்தது. இத்தனை குழம்புக்குள் கிடந்தும் கறி எப்படிக் காய்ந்தது?

குழம்புக்குள் கிடப்பதால் கறிக்கு ஈரம் ஏறாது. சூடு ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கித் தம் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் இது நடக்கும். இழந்த ஈரத்துக்கு ஈடு கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். அதிகம் உழைக்கும் தசைகளில், நார்களுக்கு இடையே அது நிறைய இருக்கும். 70 டிகிரிக்கு மேல் மெல்லவும், 80ஐத் தாண்டினால் சற்று வேகமாகவும் ஜெலட்டினாகக் கரைந்து நார்களைப் பூசிக்கொள்ளும். வாயில் ‘ஜூஸியாக’ உணர்வது அதைத்தான். நீங்கள் வாங்கிய கறியில் கரைவதற்குக் கொலாஜனும் இல்லை, கொழுப்பும் இல்லை.

தோள்பட்டை முதல் தேர்வு. கால் சதை இரண்டாவது: கொலாஜன் இன்னும் அதிகம், ஆனால் ‘லோ’வில் 9, 10 மணி நேரம் கேட்கும். நெஞ்சுக்கறியும் ஆகும், மேல் கொழுப்பை அரை செ.மீ. அளவுக்கு விட்டு நறுக்கிவிடுங்கள். விலை உயர்ந்த மென்மையான துண்டுகளை இதில் போடுவது வீண்.

5 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து “ரப்பர் மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதிலேயே பதில்: உங்கள் கறி அதிகம் வேகவில்லை, இன்னும் போதவில்லை. நார் சுருங்கிவிட்டது, கொலாஜன் இன்னும் போதிய அளவு கரையவில்லை. அந்த நடுக்கட்டத்தில்தான் கறி மிகக் கடினமாக இருக்கும். மூடிவிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். கரண்டி முனையால் அழுத்தினால் துண்டு பிளக்க வேண்டும், அதுதான் பதம்.

கேள்வி: கொத்துக்கறியைப் பச்சையாகவே போட்டால் என்ன? வதக்குவதென்றால் ஸ்லோ குக்கர் எதற்கு?

போடலாம், வேகும். ஆனால் ஒட்டுமொத்தமாகக் கட்டி பிடிக்கும், சாம்பல் நிறத்தில் இருக்கும், மேலே எண்ணெய் ஒரு விரற்கடை நிற்கும். கறி சிவந்து வறுபட்ட மணம் தர அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியை எட்ட வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் எதுவும் 100ஐத் தாண்டாது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்த மணம் வராது.

வாணலியில் மெல்லிய தட்டுப்போல அழுத்திப் பரப்பி, கிளறாமல் 4, 5 நிமிடம் விட்டு, அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் உடைத்துவிடுங்கள். வழிந்த கொழுப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். வாணலியை நிரப்பினால் கறி வறுபடாது, தன் நீரிலேயே அவியும். கொத்துக்கறிக்கு 8 மணி நேரம் தேவையில்லை; ‘லோ’வில் 5 முதல் 6 போதும், அதற்கு மேல் மணல் மணலாகிவிடும்.

துண்டுக்கறியில் நான்கு பக்கமும் சிவக்க வைக்க வேண்டாம். ஒன்றிரண்டு பக்கம் ஆழமாகச் சிவந்தால் போதும். வெங்காயம் மட்டும் பச்சையாக வேண்டவே வேண்டாம். 8 மணி நேரத்துக்குப் பிறகும் நறுக்நறுக்கென்று, காரமாக எட்டிப் பார்க்கும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் சூப் போலத்தான் வருகிறது.

அடுப்புச் செய்முறையின் தண்ணீர் அளவை அப்படியே ஊற்றுகிறீர்கள். மூடியில் படியும் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. போதாததற்கு ஒரு கிலோ கறி தானே கால் லிட்டர் வரை நீர் விடும். அடுப்புச் செய்முறையில் சொல்லும் நீரில் பாதியிலிருந்து தொடங்குங்கள். போட்டு முடித்ததும் குழம்பு கறியை மூடாமல், மேல் துண்டுகள் எட்டிப் பார்க்கும் அளவில் இருக்க வேண்டும். பார்க்கக் குறைவாகத் தோன்றும், பொறுமையாக இருங்கள்.

ஏற்கெனவே நீர்த்துவிட்டதா? ஒரு கோப்பை பயறை எடுத்து மசித்துத் திரும்பக் கலக்குங்கள். போதவில்லை என்றால் மாசா இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன். மூடியைத் திறந்து ‘ஹை’யில் ஒரு மணி நேரம் வைத்தாலும் கொஞ்சம் வற்றும், ஆனால் மெதுவாக. குழம்பை மட்டும் வடித்து அகலமான வாணலியில் 10 நிமிடம் கொதிக்க விடுவதே வேகமான வழி. சோளமாவு ஸ்டார்ச்சைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், அது கெட்டியாக்கும். கூடவே ஒரு பளபளப்பும் வழுவழுப்பும் வரும், சில்லிக்குப் பொருந்தாது.

கேள்வி: ஒரு அமெரிக்கச் செய்முறையில் 3 டேபிள்ஸ்பூன் ‘சில்லி பவுடர்’ என்று இருந்தது. போட்டேன். ஒருவரும் வாயில் வைக்க முடியவில்லை.

அந்தச் செய்முறை சொன்னது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகனோ, பூண்டுத்தூள் சேர்ந்த கலவைப் பொடி. நீங்கள் போட்டது தனி மிளகாய்த்தூள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஆஞ்சோ 1,000 முதல் 2,000. கேயன் மிளகாய் 30,000 முதல் 50,000. கணக்கு புரிந்திருக்கும்.

ஆஞ்சோவும் குவாஹியோவும் கிடைக்காதவர்கள் மேலே சொன்ன செய்முறையில் மிளகாய் விழுதுக்குப் பதில் 2½ டேபிள்ஸ்பூன் பாப்ரிகா, அதில் ஒரு டீஸ்பூன் புகையூட்டிய பாப்ரிகாவாக இருந்தால் நல்லது, கூட அரை முதல் ஒரு டீஸ்பூன் காரமான மிளகாய்த்தூள் போடலாம். வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்து அரை நிமிடம் எண்ணெயில் பிரட்டிவிட்டு, விழுதில் இருந்திருக்க வேண்டிய 200 மி.லி. தண்ணீரைத் தனியே ஊற்றுங்கள்.

கெட்டுப்போன பானையை மீட்க: உப்புப் போடாத வெந்த பயறும் தக்காளியும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் நம்பகமான வழி. பரிமாறும்போது மேலே புளித்த கிரீம் வையுங்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உப்பு கூடினாலும் இதே வழிதான். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது கொஞ்சம் குழம்பைக் குடிக்கும், மிஞ்சிய குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் ருசி சப்பென்று, தட்டையாக இருக்கிறதே?

நீண்ட நேரத்தில் மசாலா மணம் மங்கும். அரை டீஸ்பூன் வறுத்துப் பொடித்த சீரகத்தைக் கடைசி 15 நிமிடத்தில் போடுங்கள். பிறகு புளிப்பு, எலுமிச்சையை விட்டுவிட்டீர்களோ? அதற்கும் அசையவில்லை என்றால் 10 கிராம் கறுப்புச் சாக்லேட். இனிப்பு தெரியாது, ஆழம் கூடும்.

கேள்வி: ‘ஹை’யும் ‘லோ’வும் வெப்பத்தில் எவ்வளவு வித்தியாசம்? இடையில் கிளறலாமா?

இன்றைய பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் போய் நிற்கும். ‘ஹை’ அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவே. ‘லோ’வில் 8 மணி நேரம் என்பதை ‘ஹை’யில் 4 முதல் 5 என்று கொள்ளுங்கள். ‘வார்ம்’ சமைப்பதற்கானது அல்ல, வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும்.

கிளற வேண்டாம். ஒருமுறை மூடியைத் திறந்தால் இழந்த சூடு திரும்ப 20, 30 நிமிடம் ஆகும். ஓரத்தில் கறுப்பு வளையமாகத் தீய்ந்து ஒட்டுகிறதென்றால் பானையில் உணவு குறைவு. பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் இருக்க வேண்டும்.

கேள்வி: டெக்சாஸ்காரர்கள் பீன்ஸ் போட்டால் அது சில்லியே இல்லை என்கிறார்களாமே?

ஆமாம், அதில் அவர்கள் கறார். 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. அங்கே டெர்லிங்குவாவில் 1967இல் தொடங்கிய போட்டி மரபில், பானைக்குள் பீன்ஸ் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. போட்டிக்குப் போவதாக இருந்தால் பயறை எடுத்துவிட்டு, கறியை ஒன்றரைக் கிலோ ஆக்கி, ஸ்டாக்கைப் பாதியாக்குங்கள். வீட்டுக்குத்தான் என்றால் தாராளமாகப் போடுங்கள், பயறின் மாவுச்சத்து குழம்புக்கு உடல் கொடுக்கிறது.

கேள்வி: காலையில் நேரமே இல்லை. முந்தின இரவே எல்லாம் போட்டு டைமர் வைத்துவிடலாமா?

டைமரில் தாமதம் வேண்டாம். 4 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகும் எல்லை; அதில் பச்சைக் கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. இரவே மிளகாய் விழுதை அரைத்து, வெங்காய மசாலாவை வதக்கி, பயறை வேகவைத்துத் தனித்தனி டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொத்துக்கறியை முழுதாக வேகும் வரை, அதாவது 71 டிகிரி வரை, வதக்கி ஆற்றி வைக்கலாம். துண்டுக்கறியை மேலோட்டமாக வறுத்து, உள்ளே பச்சையாக வைத்து எடுத்துவைக்காதீர்கள். அதைக் காலையில் வறுத்து உடனே போடுங்கள். காலையில் வதக்கலையும் பயறையும் அடுப்பில் ஒரு கொதி விட்டு ஊற்றினால் குக்கர் சீக்கிரம் சூட்டைப் பிடிக்கும். உறைந்த கறியை நேரே போடக் கூடாது, முந்தின நாளே ஃபிரிட்ஜில் இளக விடுங்கள்.

வெளியே போயிருந்தபோது மின்சாரம் போய் வந்தது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை என்றால், வெந்தது போலத் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: மிஞ்சியதைப் பானையோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்துச் சூடாக்கியபோது பானை விரிசல் விட்டுவிட்டது!

பீங்கான் பானை திடீர்ச் சூட்டைத் தாங்காது. சூடான பானையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் இதே கதிதான். தவிர, அந்தக் கனமான பானையில் சில்லியும் சீக்கிரம் ஆறாது. அணைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழம் குறைந்த டப்பாக்களில், 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். 3, 4 நாள் தாங்கும், ஃப்ரீஸரில் 3 மாதம். மறுநாள் மேலே கட்டியான கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிடலாம். திரும்பச் சூடாக்க ஸ்லோ குக்கர் ஆகாது, அது சூடேறுவதற்குள் கிருமிக்கு நேரம் கிடைத்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நடுப்பகுதி 74 டிகிரி தொடும்வரை சூடாக்குங்கள், ஜெலட்டினால் குழம்பு இறுகியிருந்தால் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். விரிந்த பானையை ஒட்டிப் பயன்படுத்தலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது, பல மாடல்களுக்கு உள்பானை மட்டும் தனியாகக் கிடைக்கும், குக்கரின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.